வராத பாக்கியும் வழக்கறிஞர் தேடலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விற்ற சரக்குக்குப் பணம் வராமல் தவிக்கும் சிறு தொழில் செய்வோரும், நம்பிக் கடன் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற முடியாத குடும்பங்களும் தங்களுக்கு ஏற்ற வழக்கறிஞரை எப்படித் தேடுவது என்பது குறித்து எழுத விரும்புகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் உள்ள சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். ஒவ்வொரு ஆண்டும் கணக்கை முடிக்கும்போது, வர வேண்டிய பாக்கிகளின் பட்டியலில் அதே பெயர்களும் அதே தொகைகளும் ஒரு மார்ச்சிலிருந்து அடுத்த மார்ச்சுக்கு நகர்வதைப் பார்க்கிறேன். அந்தச் சரக்குக்கான ஜிஎஸ்டியை விற்றவர் தன் கைப்பணத்திலிருந்து கட்டி முடித்திருப்பார். வாங்கியவர் அதே பில்லை வைத்து உள்ளீட்டு வரி வரவையும் (வாங்கிய சரக்கின் வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதையும்) எடுத்துக்கொண்டிருப்பார். முதலாளி என்று வெளியில் பெயர் இருந்தாலும், சனிக்கிழமைக் கூலிக்கு வீட்டு நகையை அடகு வைக்கும் நிலையில்தான் இவர்களில் பலர் இருக்கிறார்கள்.

இப்படி ஒரு பாக்கி முற்றிய பிறகுதான் பெரும்பாலோர் வாழ்க்கையில் முதல் முறையாக வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். உறவினர் ஒருவர் யாரையாவது சொல்வார். அவர் விபத்து இழப்பீட்டு வழக்குகளிலோ குடும்ப நல வழக்குகளிலோ தேர்ந்தவராக இருப்பார். சிலர் பாரிமுனையில் இறங்கி உயர் நீதிமன்ற வளாகத்தை நோக்கி நடக்கும்போதே இடைத்தரகரிடம் சிக்குகிறார்கள். இன்னும் சிலர் செல்பேசியில் தேடி, விளம்பரத்தில் முதலாவதாக வரும் எண்ணை அழைக்கிறார்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதையும் ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும், அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி தடை செய்கிறது. 2008இல் அவ்விதி திருத்தப்பட்டு, பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, வழக்காடும் துறை போன்ற சில விவரங்களை மட்டும் தம் இணையதளத்தில் வெளியிட அனுமதி தரப்பட்டது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், இணைய நிறுவனங்கள் வழியாக வழக்குத் தேடும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்க வழிசெய்யும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆயினும், விவரம் தெரியாத ஒருவர் நேர்வழியில் தமக்கு வேண்டிய வழக்கறிஞரைக் கண்டறிய வேறு வழி திறக்கப்படாத வரை, இடைத்தரகருக்கே வேலை இருக்கும்.

வழக்கறிஞர் முன்னால் போய் உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் சில கேள்விகளிலேயே அவருக்கு வசூல் வழக்குகளில் பழக்கம் உண்டா என்பது புலப்பட்டுவிடும். அவர் தொகையைக் கேட்பதற்கு முன் தேதியைக் கேட்க வேண்டும். காலவரம்புச் சட்டம் 1963இன்படி, கொடுத்த கடனுக்கும் விற்ற சரக்குக்கும் பணம் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். தவணைக் காலம் எதுவும் பேசாமல் சரக்கு கொடுத்திருந்தால் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்தும், தவணை பேசியிருந்தால் அந்தத் தவணை முடிந்த நாளிலிருந்தும் அது கணக்காகும். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோ நோட்டு என்றால், நாம் பணத்தைக் கேட்ட நாள் கணக்கில் வராது. நோட்டு எழுதிய நாளிலிருந்தே மூன்று ஆண்டுகள் ஓடத் தொடங்கிவிடும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் காலம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நோட்டீஸ் அனுப்புவதால் ஒரு நாள்கூட நிற்பதில்லை.

வில்லிவாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், கணவர் காலமான பின் வந்த பணத்திலிருந்து 3 லட்சம் ரூபாயை அறிந்தவர் ஒருவருக்குக் கொடுத்திருந்தார். அவர் நாடிய வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார், பதில் வந்தது, மறுப்புக்கு மறுப்பு அனுப்பினார், இப்படியே மூன்று ஆண்டு கடந்துவிட்டது. அந்தப் புரோ நோட்டை வாங்கிப் பார்த்தேன். ரெவின்யூ ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்து, பக்கத்தில் பெருவிரல் ரேகை, கீழே இரண்டு சாட்சிகள் என்று முன்பக்கம் குறையில்லாமல் இருந்தது. பின்பக்கம் ஒரு வரிகூட இல்லை. கடன் வாங்கியவர் இடையில் வட்டி என்று ரொக்கமாக 5,000 ரூபாய் கொடுத்தது உண்மை. அதை நோட்டின் பின்பக்கம் அவர் கையாலேயே தேதியிட்டு எழுதி வாங்கியிருந்தால், அந்தப் பணம் கொடுத்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைத்திருக்கும். இதை ஒரு வழக்கறிஞர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வியாபாரப் பாக்கியிலும் இதே நிலைதான். கெடு முடிவதற்குள், கடனாளியிடம் கையெழுத்துடன் பாக்கி உறுதிக் கடிதம் ஒன்று வாங்கிவிட்டால் காலம் புதிதாகத் தொடங்கும். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்த பதிலை நம்பிக்கொண்டு இருப்பது ஆபத்து. புரோ நோட்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: உரிய ஸ்டாம்ப் ஒட்டாத நோட்டைப் பின்னால் அபராதம் கட்டிச் சரிசெய்து சாட்சியமாக்கவும் சட்டம் இடம் தருவதில்லை.

காசோலை திரும்பிய வழக்குகளில் நாட்கணக்கு இன்னும் கடுமையானது. காசோலையில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை வங்கியில் போட வேண்டும். பணம் இல்லை என்று வங்கி தரும் ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸைப் பெற்ற நாளிலிருந்து கடனாளிக்கு 15 நாள் அவகாசம். அதிலும் கட்டாவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். புகார் தாக்கல் செய்வதில் ஏற்பட்ட தாமதத்தைத் தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம். நோட்டீஸ் அனுப்பத் தவறிய தாமதத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே ரிட்டர்ன் மெமோவை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வழக்கறிஞர் தேடக் கிளம்புவது கூடாது. மெமோ வந்த அன்றே அதில் உள்ள தேதியை எழுதி வைத்துக்கொண்டு, அந்த வாரத்திலேயே ஒருவரைப் பார்த்துவிட வேண்டும். காசோலை கம்பெனியின் பெயரில் இருந்தால் கம்பெனியையும் எதிரியாகச் சேர்த்தாக வேண்டும். இயக்குநரை மட்டும் சேர்த்துப் போட்ட வழக்கு நிற்காது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பணம் பெற வேண்டியவரின் கணக்கு எந்தக் கிளையில் உள்ளதோ அந்தப் பகுதி நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், அம்பத்தூர்க்காரர் கோவைக்கும் மதுரைக்கும் அலைய வேண்டியதில்லை.

காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2018 திருத்தத்தின்படி, எதிரி குற்றத்தை மறுத்தால் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். ஆனால் இது அடிப்படையில் தண்டனைக்கான வழக்கு. இதை மட்டும் போட்டுவிட்டு, பணத்துக்கான உரிமையியல் வழக்கை மூன்று ஆண்டுக்குள் போடாமல் விட்டவர்களை நான் அறிவேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தச் சட்டத்தில் தடையில்லை என்பதை எடுத்துச் சொல்பவரே பொறுப்பான வழக்கறிஞர்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் வழக்கறிஞரின் தேர்ச்சியைப் பொறுத்தது. உத்யம் என்னும் மத்திய அரசின் தொழில் பதிவைப் பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருவோருக்கும் 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டம் பெரிய பாதுகாப்பு. எழுத்தில் எந்தத் தவணை பேசியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பாக்கி வைக்க முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். இத்தகைய பாக்கிகளுக்காக அச்சட்டப்படி அமைந்த வசதி மன்றத்தில் மனுப் போட்டால் முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டும் என்றால் வாங்கியவர் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். பதிவைச் சரக்கு கொடுப்பதற்கு முன்பே செய்துகொண்டிருப்பது அவசியம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021இல் உத்யம் பதிவு அனுமதிக்கப்பட்டாலும், அது வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டுமே; இந்த 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்குப் பொருந்தாது. சௌகார்பேட்டை மொத்த வியாபாரிகள் சிலர் இது தெரியாமல் மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

வணிகர்களுக்கு இடையிலான பாக்கி 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் அது வணிக நீதிமன்றத்துக்கு உரியது. அவசர இடைக்கால உத்தரவு எதுவும் தேவைப்படாத வழக்கில், முதலில் சமரசத்துக்கு மனுச் செய்யாமல் நேரே வழக்குப் போட்டால் அதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. புரோ நோட்டோ எழுத்து ஒப்பந்தமோ கையில் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி சுருக்க வழக்குப் போடலாம். அதில் எதிர்த்தரப்பு நீதிமன்ற அனுமதி பெற்றால்தான் வாதாடவே முடியும். திவால் சட்டத்தைக் காட்டிக் கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று ஆசை காட்டுவோரும் உண்டு. 2020 மார்ச் முதல் அதற்குக் குறைந்தது 1 கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும். சீட்டுப் பணம் என்றால் சீட்டுப் பதிவாளரிடமும், நிதி நிறுவனத்தில் போட்ட வைப்புத்தொகை என்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவிடமும் போக வேண்டும்.

நான் மிகவும் வலியுறுத்த நினைப்பது இனிச் சொல்வதைத்தான். நல்ல வழக்கறிஞர், வழக்குப் போடுவதற்கு முன்பே, தீர்ப்பு கிடைத்தால் பணத்தை எதிலிருந்து எடுப்பது என்று கேட்பார். கடனாளிக்கு எந்த வங்கியில் கணக்கு இருக்கிறது, பட்டறை அவர் பெயரிலா மனைவி பெயரிலா, இயந்திரங்கள் வங்கிக் கடனுக்கு ஈடாக இருக்கின்றனவா, அவருக்கு யார் பணம் தர வேண்டியிருக்கிறது என்றெல்லாம் துருவுவார். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். சொத்தை விற்றுவிட்டு நழுவும் அறிகுறி தெரிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்யக் கோரும் மனுவையும் வழக்கோடு சேர்த்துப் போடுவார். இந்தியாவில் வழக்காடுபவனின் கஷ்டம் தீர்ப்பாணை கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது என்று, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1872இலேயே குறிப்பிட்டது. 2025இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதிலிருந்தும் திரட்டிய கணக்கில், தீர்ப்பாணைப்படி பணத்தையோ சொத்தையோ பெற்றுத் தரக் கோரும் நிறைவேற்று மனுக்கள் 8.8 லட்சத்துக்கும் மேல் தேங்கிக் கிடப்பது தெரியவந்தது. ஆறு மாதத்துக்குள் இவற்றை முடிக்க வேண்டும் என்று 2021இல் அதே நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகும் இதுதான் நிலை.

தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு என்பதால் பல வழக்கறிஞர்கள் அதைக் கட்சிக்காரர் கையில் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று கருதுகிறார்கள். கட்டணம் பேசும்போதே நிறைவேற்று மனுவையும் அவரே நடத்துவாரா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுவிட வேண்டும். கடனாளி தன் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யக் கேட்கலாம். வங்கிக் கணக்கையும், அவருக்கு மற்றவர்கள் தர வேண்டிய பணத்தையும் ஜப்தி செய்யலாம். சிவில் சிறை என்று மிரட்டுவது எளிது. வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் அப்படி அடைக்க முடியும் என்று 1980இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது, அது நியாயமும்கூட. ஏழ்மையால் கட்ட முடியாதவரைச் சிறைக்கு அனுப்புவதால் யாருக்கும் பணம் வந்துவிடாது.

ஒரு வழக்கறிஞர் உண்மையிலேயே இத்தகைய வழக்குகளை நடத்துகிறாரா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கறிஞர் பெயரைக் கொண்டு வழக்குகளைத் தேட முடியும். நகர உரிமையியல் நீதிமன்றத்தில் அவர் பெயரில் எத்தனை பண வழக்குகள் உள்ளன, அவற்றில் நிறைவேற்று மனுக்கள் உண்டா, ஒவ்வொரு முறையும் வாய்தாதானா என்று பொறுமையாகப் பார்த்தால் விளம்பரம் சொல்லாதது விளங்கும். வழக்குப் போட்ட பிறகு, எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 16 இடங்கள் கொண்ட அந்த வழக்கின் குறியீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டால், அதே இணையதளத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம்; அடுத்த வாய்தா எப்போது என்று குமாஸ்தாவைக் கெஞ்சத் தேவையில்லை.

கட்டண விஷயத்தில் நம் மக்கள் பேசக் கூச்சப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் பண வழக்குக்கான நீதிமன்றக் கட்டணம் 2017இல் நூற்றுக்கு 7.50 ரூபாயிலிருந்து 3 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 5 லட்சம் கேட்டு வழக்குப் போட்டால் 15,000 ரூபாய். இது அரசுக்குப் போவது; வழக்கறிஞர் கட்டணம் வேறு. இரண்டையும் தனித்தனியே எழுதி ரசீது தரச் சொல்லலாம். இடையில் சமரசமானால் நீதிமன்றக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதி செய்தது. "வசூலாவதில் கால் பங்கு கொடுத்தால் போதும், முன்பணம் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அவரை நாடாதீர்கள். வழக்கின் பலனில் பங்கு கேட்பதைப் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன; 2017இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டித்தது. கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைத் தர மறுக்கும் உரிமையும் வழக்கறிஞருக்கு இல்லை என்பது 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டதால், முறைகேட்டுக்குப் பார் கவுன்சிலிடம் புகார் கொடுப்பதே நமக்குள்ள முக்கிய வழி. அதனால்தான் ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். மேலே சொன்ன அம்மாளுக்கு இந்த உரிமை இருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. நிலுவையில் உள்ள வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் அந்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது, தீர்ப்பாணையைப் போலவே அதை நிறைவேற்றலாம்.

நீதிமன்றம் என்றால் இழுத்தடிப்பு என்று வெறுத்து, ஆள் பலம் உள்ளவரிடம் வசூலை ஒப்படைப்போரையும் காண்கிறேன். கட்டப்பஞ்சாயத்துக்குப் போன மறுநாளே கொடுத்தவர் குற்றவாளியாகவும் வாங்கியவர் பாதிக்கப்பட்டவராகவும் ஆகிவிடுகிறார்கள். வெறும் கடன் பாக்கியை வசூலித்துத் தருவது காவல் நிலையத்தின் வேலையும் அல்ல. தொடக்கம் முதலே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு ஆதாரம் இருந்தால் மட்டுமே மோசடிப் புகாருக்கு இடமுண்டு. கடன் பட்டவருக்கும் குடும்பமும் மானமும் இருக்கிறது என்பதை மறக்கும் வசூலை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கும், மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இதுதான். 36ஆம் விதி இன்றைக்கு அனுமதிக்கும் விவரங்களைக் கொண்டே, வழக்கறிஞர்களை மாவட்ட வாரியாகவும் துறை வாரியாகவும் தேடக்கூடிய ஒரு பட்டியலைப் பார் கவுன்சிலே தமிழில் வெளியிட வேண்டும். யாரையும் உயர்த்தியோ தாழ்த்தியோ சொல்லாமல், பண வசூல் வழக்குகளையும் நிறைவேற்று மனுக்களையும் நடத்துவோர் யார் என்பதும் அவர்களுடைய பதிவு எண்ணும் இருந்தால் போதும். கட்டணத்தையும் வேலையின் எல்லையையும் குறிக்கும் ஒரு பக்க மாதிரி ஒப்பந்தப் படிவத்தையும் அதோடு வெளியிடலாம். ஆணைக்குழுவோ, உயர் நீதிமன்ற வளாகத்திலும் எழும்பூர், சைதாப்பேட்டை நீதிமன்றங்களிலும் ஓர் உதவி மேசை அமைத்து, பில்லையும் நோட்டையும் காசோலையையும் கொண்டு வருவோருக்குக் கெடு எந்தத் தேதியில் முடிகிறது, எந்த மன்றத்துக்குப் போக வேண்டும் என்ற இரண்டை மட்டுமாவது எழுதித் தர ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
அம்பத்தூர், சென்னை.